வெட்டி ஒட்டிய முதல் சோறு

1

என் பேரனுக்கு முதன்முதலாகச் சோறு ஊட்டியவர் என் மருமகளின் தாயார் மிக்கேலம்மாள். அவருடைய கையை வீடியோவிலிருந்து வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் என் கையை ஒட்டி, 'தாத்தா ஊட்டிய முதல் உணவு' என்று எழுதி முகநூலில் போட்டவன் நான். கை தவறி நடந்ததல்ல. எப்படி வெட்டுவது என்று தேடிக் கற்றுக்கொண்டு, வெட்டிய இடம் தெரிகிறதா என்று மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்து, திருப்தியான பிறகு செய்தது.

முகநூலிலிருந்து அதை நீக்கி வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் என் கைப்பேசிக்குள் அது கிடந்திருக்கிறது. போன வாரம் காப்பி கலக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி தானாகவே 'இதே நாளில்' என்று ஒரு நினைவை எடுத்து முன்னால் வைத்தது. பின்னணியில் பியானோ இசை. நோவா வாயைத் திறக்கிறான், சிரிக்கிறான், என் கரண்டி உள்ளே போகிறது. இப்போது நான்கு வயதாகிவிட்ட நோவா என் முழங்கைக்குக் கீழே நின்று எட்டிப் பார்த்தான்.

"தட்ஸ் மீ. தாத்தா, யூ ஃபெட் மீ?"

ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பள்ளிக்கு நேரமாகிவிட்டது, ஷூவைப் போடு என்றேன். அவனைக் கொண்டுபோய் விட்டு வந்து, இதை எழுத உட்கார்ந்தேன்.

2

நான் நாசரேத்துக்காரன். தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன். மனைவி போன பிறகு என் ஒரே மகன் டேவிட் மெல்பர்னுக்கு வரவழைத்துக்கொண்டான். பெற்றோர் விசா என்பது மெல்ல நகரும் வண்டி. என் நுரையீரலின் படம் இந்த அரசாங்கத்திடம் இருக்கிறது. நான் எந்தக் குற்றமும் செய்யாதவன் என்று நம்மூர்க் காவல்துறை கொடுத்த சான்றிதழும் இருக்கிறது. அந்தச் சான்றிதழ் வாங்கியது இந்தக் காரியத்துக்கு முன்னால்.

இங்கே என் நாள் எளிமையானது. காலையில் நோவாவைப் பள்ளியில் விடுவது, குப்பைத் தொட்டியை நிறம் பார்த்துத் தெருவோரம் தள்ளுவது, துணி மடிப்பது, மூன்று மணிக்கு நோவாவை அழைத்து வருவது. நான் தமிழில் கேட்பேன், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். சில நாள் அவன் பேச்சு புரியாமல் நானும் ஆங்கிலத்துக்குப் போய்விடுவேன். கல்லூரியில் நான் பாடம் நடத்திய ஆங்கிலம் இந்த ஊரில் செல்லுபடியாகவில்லை. பால் கேட்டால் எது என்று மூன்று தடவை திருப்பிக் கேட்கிறார்கள்.

இங்கே ஒரு குழந்தைக்கு ஆறு மாதமானால் வீட்டில் ஒரு படப்பிடிப்பு நடக்கிறது. உயர நாற்காலி, பிள்ளையின் கழுத்தில் கட்டும் ரப்பர் விரிப்பு, 'என் முதல் உணவு' என்று எழுதிய மரப்பலகை, வட்ட விளக்கு. அவகாடோ என்கிற வெண்ணெய்ப்பழத்தை விரல் நீளத்துக்கு நறுக்கிக் குழந்தையின் முன்னால் வைத்துவிட்டு எல்லோரும் கைப்பேசிக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறார்கள். குழந்தை அதை எடுத்துக் கண்ணில் தேய்த்தால் அதற்கு ஆயிரம் இதயம். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிக்க வேண்டாம். மாப்பிள்ளையூரணியில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் தன் மகளின் சோறூட்டலுக்கு மண்டபம் பிடித்து, மேலே பறந்து படமெடுக்கும் கருவி வைத்து, எனக்கு அனுப்பினான். பிள்ளை அழுத அழுகையைப் பாட்டுப் போட்டு மூடியிருந்தான். பிள்ளை என்ன சாப்பிட்டது என்று கடைசிவரை காட்டவே இல்லை.

நான் அதற்கு 'அருமை' என்று பதில் போட்டேன். எனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான்.

3

மருமகள் ரோஸ்லின் புன்னைக்காயல் பெண். அவள் சிறுமியாக இருக்கும்போதே தகப்பனார் தவறிவிட்டார். தாயார் மிக்கேலம்மாள் கரையில் மீனை ஏலத்தில் எடுத்து, ஐஸ் போட்டுத் தூத்துக்குடிக் கம்பெனிகளுக்கு அனுப்பி, மகளைப் பொறியியல் படிக்க வைத்தார். டேவிட்டும் அவளும் ஒரே கல்லூரி. நான் கல்யாணத்தைத் தடுக்கவில்லை. அந்தப் பெருமையை நானே நாலு இடத்தில் சொல்லியும் இருக்கிறேன்.

ஆனால் எங்கள் ஆட்கள் 'பொண்ணு வீட்டுல என்ன தொழில்?' என்று கேட்டபோது, 'கடல் உணவு ஏற்றுமதி' என்றேன். சாதி என்ற சொல்லை நான் வகுப்பிலோ வீட்டிலோ உச்சரித்ததில்லை. 'குடும்பப் பின்னணி' என்பேன். படித்தவர்களுக்கு இப்படிச் சில சொற்கள் உண்டு. நாற்றம் வராமல் பொதிந்து வைக்க உதவும்.

4

நோவாவுக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது ரோஸ்லின் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மிக்கேலம்மாள் வந்தார். விமான நிலையத்தில் அவர் வெளியே வரத் தாமதமானது. பெட்டியில் கருவாடு இருந்தது என்று பிறகு தெரிந்தது. வண்டியில் ஏறியதும் வாசனை பரவியது. நான் கண்ணாடியை இறக்கினேன்.

"அந்த ஆபீசர் எல்லாத்தையும் பிரிச்சு மோந்து பாத்தான் அண்ணாச்சி," என்றார் மிக்கேலம்மாள். "'ஓகே அம்மா, போ'ன்னுட்டான். ஒங்க மூஞ்சிதான் கோணிக்கிட்டுப் போவுது."

டேவிட் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். கண்ணாடியை ஏற்றவில்லை.

ஆறு மாதம் நிறைந்த ஞாயிற்றுக்கிழமை ரோஸ்லின் எல்லாம் தயார் செய்தாள். நாற்காலி, பலகை, விளக்கு, வெண்ணெய்ப்பழம். நோவா முதல் துண்டைத் தரையில் போட்டான். இரண்டாவதை விளக்கின் மேல் எறிந்தான். மூன்றாவதை வாயில் வைத்தபோது அவன் முகம் போன போக்கைப் பார்த்து, சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மிக்கேலம்மாள் வாயைத் திறந்தார்.

"ஏளா ரோசி, அந்தப் பச்சையத் தூரப் போடு. பிள்ளைக்குக் கசாயம் குடுத்த மாரி இருக்கு."

"எம்மா, சும்மா இருங்க. ரெக்கார்டு ஆவுது."

"ஆவட்டும். இவன் எதுக்குளா அதத் திங்கணும்? இவனுக்கு என்ன, வயித்துல புண்ணா?"

எழுந்து வந்து பிள்ளையை நாற்காலியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தட்டில் மிளகாய் போடாமல் வைத்த மீன்சாறும் சோறும் இருந்தன. நாலு பருக்கையை எடுத்துப் பெருவிரலால் நசுக்கி, மாவு போலாக்கி, பிள்ளையின் முகத்துக்கு முன்னால் நிறுத்தி, கரையில் ஏலம் கூறுகிற குரலில் ஆரம்பித்தார்.

"ஒரு தரம்... யாரு கேக்கா, யாரு கேக்கா... ரெண்டு தரம்... கம்பெனிக்காரன் கேக்கானா, காயல்காரன் கேக்கானா... நோவா கேக்கான், நோவா கேக்கான்..."

நோவா அவர் வாயையே பார்த்தான். பிறகு பல்லில்லாத வாயை அகலத் திறந்து சிரித்தான். கை உள்ளே போனது.

"மூணு தரம். முடிஞ்சுது ஏலம். எடுத்துக்கிட்டுப் போலே."

விழுங்கிவிட்டு மறுபடி திறந்தான். ரோஸ்லின் கைப்பேசியைப் பிடித்தபடியே சிரித்தாள். சிரிப்பில் படம் ஆடுகிறது. அந்த வீட்டில் அப்படி ஒரு மதியம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

5

ரோஸ்லின் அந்த வீடியோவை வெளியே போடவில்லை. அவள், டேவிட், நான் என மூவர் மட்டும் இருக்கும் வீட்டுக் குழுவில் அனுப்பினாள். மறுநாள் மதியம், மிக்கேலம்மாள் பிள்ளையைத் தூங்கவைத்துத் தானும் கண்ணயர்ந்திருந்தபோது, நான் என் அறையில் உட்கார்ந்தேன்.

பிள்ளையின் முகம் மட்டும் தெரியும்படி படத்தின் ஓரங்களை நெருக்கினேன். அவருடைய முழங்காலும் சேலையும் போயின. விரல்கள் உள்ளே வருவதற்கு ஒரு நொடி முன்னால் வெட்டினேன். டேவிட் கேரட் மசித்துக் கொடுத்து, நான் கரண்டியில் ஊட்டுவதை அந்தத் திங்கட்கிழமை காலையில் எடுத்திருந்தான். அதை அங்கே ஒட்டினேன். குரல்தான் தொல்லை. 'காயல்காரன் கேக்கானா' என்பது எங்கே வெட்டினாலும் ஓரத்தில் கேட்டது. ஒலியை முழுக்க எடுத்துவிட்டுப் பியானோ போட்டேன்.

அவருடைய சோற்றுக்குத் திறந்த வாயில் என் கரண்டி போனது.

எங்கள் கல்லூரி ஓய்வு பெற்றோர், நாசரேத்து உறவினர், பழைய மாணவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பாராட்டினார்கள். 'கரண்டி பிடித்திருக்கும் நேர்த்தியிலேயே வேதியியல் பேராசிரியர் தெரிகிறார்' என்று ஒருவர் எழுதினார். அதை நான் பல தடவை திறந்து படித்தேன். முகநூல் பக்கம் போகாத ரோஸ்லினுக்கு அது தெரியாது. டேவிட் பார்த்தான். 'நல்லா எடிட் பண்ணிருக்கீங்களேப்பா' என்றான். அவ்வளவுதான்.

6

விசாக் காலம் முடிந்து மிக்கேலம்மாள் ஊர் திரும்பினார். சில நாளில் எனக்கு அழைப்பு வந்தது. மகளுக்கல்ல, எனக்கு.

"அண்ணாச்சி, சொகமா இருக்கியளா?"

"இருக்கேன் சம்பந்தி. சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. இங்கன ஏலக்கூடத்துல ஒரு பய போன்ல காட்டுதான். ஒங்கள்ட்டப் படிச்ச பயலாம். நம்ம நோவா சிரிக்கான். யாரப் பாத்துச் சிரிக்கான் அதுல?"

நான் எழுந்து அறைக் கதவைச் சாத்தினேன்.

"ஒங்க கரண்டியப் பாத்தா சிரிக்கான்?"

"அது... எங்க ஆளுகளுக்காக, சும்மா..."

"நான் வந்து எறங்குன அன்னைக்கே தெரு பூரா சொன்னேன், எம் பேரனுக்கு நாந்தான் மொதச் சோறு குடுத்தேன்னு. இப்ப அவளுவ கேக்காளுவ, 'மிக்கேலம்மா, கைய அங்கனயே வச்சுட்டு வந்துட்டியா'ன்னு. நானும் சேந்து சிரிச்சிட்டு வந்தேன். வேற என்ன செய்ய?"

"இப்பவே அத எடுத்துடுறேன்."

"பாத்தவன் கண்ணுல இருந்தும் எடுப்பியளா? சரி, வைக்கேன். ஐஸ் வண்டி வந்துட்டு."

அன்று மாலைக்குள் ஊரிலிருந்து யாரோ சொல்லி ரோஸ்லினுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வேலையிலிருந்து வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"மாமா, எங்கம்மா கை நாறுச்சா?"

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"அப்ப எதுக்கு வெட்டுனீங்க?"

டேவிட் குறுக்கே வந்தான். "விடு ரோஸி. ஒரு வீடியோதானே."

"உங்க ரெண்டு பேருக்கும் அது வீடியோ. கரையில ஏலம் வாய்ச்சொல்லுலதான் நடக்குது. சீட்டு கெடையாது, கையெழுத்து கெடையாது. 'அவ சொன்னாச் சொன்னதுதான்'னு பேரு இருந்தாத்தான் படகுக்காரன் மீனை விடுவான். இருவது வருசமா எங்கம்மாகிட்ட இருக்கிற சொத்து அது ஒண்ணுதான்."

அதுவரை நான் செய்தது ஒரு அற்பத்தனம் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் சொன்ன உண்மையை அவள் ஊரிலேயே பொய்யாக்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அடுத்த ஆண்டு ரோஸ்லின் தாயாருக்கு மறுபடி விசாவுக்கு எழுதத் தொடங்கினாள். 'எனக்கு வேண்டாம்ளா, வரல' என்று மிக்கேலம்மாள் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அவர் பேசிப் பேசி நோவாவின் காதில் ஏற வேண்டிய தமிழ் ஏறாமலே போனது. ஞாயிறுதோறும் ரோஸ்லின் கைப்பேசியை அவன் முன்னால் பிடிப்பாள். அந்தப் பக்கம் அவர் கொஞ்சுவார். இவன் 'ஷீ இஸ் டூ லவுட்' என்று ஓடிவிடுவான்.

7

என்னால் ஆனதைச் செய்தேன் என்று எழுத ஆசைதான். என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

முதலில் வீடியோவை நீக்கினேன். முழு வீடியோவைப் போட்டுவிடலாம் என்று ரோஸ்லினைக் கேட்டேன். 'அது அம்மாவோடது மாமா. போடணும்னா அவங்க போடட்டும்' என்றாள். குழுவில் இருந்ததை எடுத்து அவளை மீறிப் போட எனக்கு அதற்கு மேல் துணிவில்லை. ஆகவே ஒரு மன்னிப்புக் குறிப்பு எழுதினேன். பேரனுக்கு முதல் உணவு ஊட்டியது நான் அல்ல, என் சம்பந்தி அம்மாள், அதை மறைத்தது என் பிழை என்று. நல்ல நடையில் எழுதியிருந்தேன். பழைய வீடியோவுக்குக் கிடைத்ததைவிட அதிகமான இதயங்கள் அதற்குக் கிடைத்தன. 'இந்த வயதிலும் எங்களுக்குப் பாடம் நடத்துகிறீர்கள் சார்.' 'என்ன பெருந்தன்மை.' ஒவ்வொருவருக்கும் நான் தனித்தனியாக நன்றி சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். மிக்கேலம்மாளின் பெயரையோ ஊரையோ தொழிலையோ அதில் நான் குறிப்பிடவில்லை.

ரோஸ்லின் படித்துவிட்டுக் கைப்பேசியைத் திருப்பித் தந்தாள். "நல்லா எழுதியிருக்கீங்க மாமா," என்றாள். அதற்குப் பிறகு வெகுநாள் அவள் என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை.

8

போன வருடம் ஊருக்குப் போனபோது வாகைக்குளம் விமான நிலையத்தில் இறங்கி நேரே புன்னைக்காயலுக்கு வண்டி பிடித்தேன். முக்காணி, ஆத்தூர் தாண்டி ஊருக்குள் போகும்போது மீன்பிடி வள்ளங்கள் கரைக்கு வந்துகொண்டிருந்தன. மிக்கேலம்மாள் ஏலக்கூடத்தில் நின்றார். என்னைக் கண்டதும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

வழியெல்லாம் மனதில் அடுக்கி வைத்த பேச்சை அங்கிருந்த பெண்கள் முன்னிலையில் சொல்லத் தொடங்கினேன். "என் பேரனுக்கு முதல் சோறு ஊட்டியது இவங்கதான். நான்தான் வீடியோவுல மாத்தி..."

கூடையோடு நின்ற ஒருத்தி, "சாரு பரீட்சை எழுத வந்திருக்காரு, எல்லாரும் ஒதுங்கி நில்லுங்களா," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"எவ்வளவு மார்க்குப் போடலாம்க்கா?" என்றாள் இன்னொருத்தி.

"பாஸ் போட்டு அனுப்பிருங்களா," என்றார் மிக்கேலம்மாள். "வாங்க அண்ணாச்சி, வீட்டுக்குப் போவோம். வெயில்ல நின்னு மயங்கிக் கியங்கி விழுந்திராதிய."

வீட்டில் சோறு போட்டார். எதிரே நாற்காலியில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, கேக்கேன்னு தப்பா எடுக்காதிய. நீங்க எதுக்கு இங்கன வந்து சொல்லுதிய?"

"உங்க ஊருல உங்க பேரு..."

"எம் பேருக்கு ஒண்ணும் ஆவல. இவளுவ ரெண்டு நாளு கேலி பண்ணுனாளுவ, மூணாம் நாளு ரோசி அந்த வீடியோவ எனக்கு அனுப்பிட்டா, நான் காட்டிட்டேன். ஏலம் போடுததக் கேட்டுட்டு உருண்டு சிரிச்சாளுவ. இங்கன எல்லாம் சரியாயிட்டு." சோற்றின் மேல் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினார். "நாசரேத்துல சொன்னியளா? 'எஞ் சம்பந்தி மீன் ஏலம் எடுக்கா'ன்னு. அங்கன போயிச் சொல்லுங்க பாப்பம்."

நான் குழம்பைச் சோற்றோடு பிசைந்தேன்.

"சொல்லமாட்டிய," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "திங்குங்க. ஆறிப்போவுது."

9

சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பெரியப்பா மகன் வீட்டில் மதியச் சாப்பாடு. உறவினர் நிறைந்திருந்தார்கள். பேச்சு சற்று ஓய்ந்ததும், "ரோஸ்லினோட அம்மா ஏற்றுமதியெல்லாம் செய்யல. புன்னைக்காயல் கரையில மீன் ஏலம் எடுக்காங்க. நான் உங்ககிட்ட மறைச்சிட்டேன்," என்றேன்.

யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அண்ணன் எலும்பை ஓரமாக வைத்தார்.

"அது எங்களுக்குக் கல்யாணத்தன்னைக்கே தெரியுமேல."

"தெரியுமா?"

"கல்யாண வீட்டுல அந்தம்மாகிட்டப் பேசிட்டுத்தானே வந்தோம். அவுங்களே சொன்னாங்க, 'நான் ஏலம் எடுக்கேன்'னு. நீதான் ஏத்துமதி, ஏத்துமதின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச. சரி, பேராசிரியர் ஆசைப்படுதாருன்னு விட்டுட்டோம்."

அண்ணி தண்ணீர்ச் செம்பை வைத்தபடி சொன்னார்: "அந்த வீடியோவுல அவுங்களக் காணோம்னதும், 'பாத்தியா, தம்பி வேலையக் காட்டிட்டாரு'ன்னு அன்னைக்கே பேசிக்கிட்டோம். பாவம், நல்ல பொம்பள."

யாருடைய கண்ணுக்காக நான் அவரை வெட்டினேனோ அவர்களுக்கு அவரை ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவரைப் பிடித்தும் இருந்தது. அவர்கள் சிரித்தது என்னைப் பார்த்து. இத்தனை வருடமும் அந்தச் சபையில் மறைக்கப்பட வேண்டியவனாக இருந்தது நான் ஒருவன்தான்.

மிக்கேலம்மாளுக்கு அழைத்து, சொல்லிவிட்டேன் என்றேன். "அப்படியா, நல்லது," என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. விசாவைப் பற்றி நானாகப் பேச்செடுத்தேன். நீங்கள் வந்தால் நான் ஒரு மாதம் வேறெங்காவது போய் இருக்கிறேன் என்றுகூடச் சொன்னேன். "நீங்க எதுக்கு அண்ணாச்சி அலையணும்? இருங்க," என்று வைத்துவிட்டார்.

10

இந்த ஆண்டு தொடக்கத்தில் லியா பிறந்தாள். அவளுக்கு ஐந்து மாதம் முடிந்ததும் ரோஸ்லின் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு புன்னைக்காயல் போனாள். டேவிட் விடுப்பு எடுத்து உடன் போனான். என்னை யாரும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. வருகிறீர்களா என்றும் கேட்கவில்லை.

ஆறு மாதம் நிறையும் நாள் எனக்குத் தெரியும். அன்று கைப்பேசியைச் சமையல் மேடையில் நிமிர்த்தி வைத்துக்கொண்டே வேலைகளைப் பார்த்தேன். வீட்டுக் குழுவில் எதுவும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நோவா கடற்கரையில் நாயோடு நிற்கும் படம் ஒன்று பிறகு வந்தது.

திரும்பி வந்தபோது நோவா 'தாத்தா, சோறு' என்று தமிழில் கேட்டான். பெட்டிகளை உள்ளே தள்ளிக்கொண்டிருந்த ரோஸ்லினிடம் கேட்டேன்.

"லியாவுக்கு ஊட்டியாச்சாம்மா?"

"ஆச்சு மாமா."

"வீடியோ எதுவும்..."

"எடுக்கல. அம்மா வேண்டாம்னாங்க." பெட்டியின் பிடியைக் கீழே இறக்கிவிட்டு, "உங்களுக்கு டீ போடவா?" என்றாள்.

போன செவ்வாய்க்கிழமை குழந்தைகள் நல மையத்தில் லியாவுக்கு எடை பார்க்கும் நாள். ரோஸ்லின் வண்டியை நிறுத்த இடம் தேடிப் போனதால் நான்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். இளம் செவிலி ஒருத்தி லியாவின் கன்னத்தைத் தட்டிவிட்டு வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். தூக்கம் எப்படி, பால் எத்தனை தடவை. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். திட உணவு தொடங்கிவிட்டீர்களா என்றாள். ஆமாம் என்றேன்.

முதலில் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டாள்.

தெரியாது என்றேன். நீங்கள் ஒரே வீட்டில்தானே இருக்கிறீர்கள் என்று சிரித்தாள். ஊட்டும்போது நான் அங்கே இல்லை என்றேன். பரவாயில்லை, அம்மா வந்ததும் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி, லியாவை என் கையிலிருந்து வாங்கி எடைத்தட்டில் படுக்க வைத்தாள்.